படத்தில் இல்லாத வாய்க்கால்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பெற்றேன், மூன்றை வளர்த்தேன். மூத்தவள் இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு விவசாயம் செய்கிறாள். அடுத்தவன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. இளையவள் சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்கிறாள். மூன்று பேரையும் யார் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டிய காரியம் ஒன்று செய்திருக்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. "நீ சொல்லு ஆயா, நான் எழுதறேன்" என்றாள் பேத்தி. வேண்டாம் என்றுவிட்டேன். பிழை திருத்துகிறவர்கள் எழுத்தைத் திருத்தட்டும். சொன்னதைத் திருத்த வேண்டாம்.

உத்திரமேரூரில் சாலவாக்கம் பஸ் ஏறினால் வழியில் எங்கள் ஊர். எங்கள் ஏரிக்கு ஒரு மதகு. அதிலிருந்து பெரிய வாய்க்கால் கிழக்கே போகும். இரண்டு பக்கமும் கிளை பிரிந்து கழனிகளுக்குப் பாயும். கடைசியில் தார் ரோட்டில் வந்து முட்டும். ரோட்டுக்குக் கீழே ஒரு சிமெண்டுக் குழாய், குடம் நுழைகிற அகலத்தில். அதன் வழியாகப் போகும் தண்ணீர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளக் கழனிக்குப் போய்ச் சேரும். பள்ளக் கழனியில் ஏழு குடும்பம். அவர்களுக்கு மேல்பக்கத்தாரைப் போல எழுதி வைத்த முறை கிடையாது. மேலே எல்லோருக்கும் பாய்ந்து முடிந்து, எட்டாம் நாள் விடியலிலிருந்து உச்சிப்பொழுது வரைக்கும் அவர்களுக்கு விடுவோம். யாரும் எழுதி வைக்கவில்லை என்றாலும் யாரும் மறுத்ததும் இல்லை. அந்த ஏழில் ஒன்று என் மூத்தவளுடைய கழனி.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மதகு திறந்து தண்ணீர் விடுகிற வேலை என் வீட்டுக்காரருடையது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு நான் பார்த்தேன். அவர் போன பிறகும் நான்தான். பொம்பளை மதகில் இறங்குவதா என்று முதல் வருடம் பேசினார்கள். இரண்டாம் வருடம் சும்மா இருந்தார்கள். மூன்றாம் வருடம், வரப்பில் சண்டை வந்தால் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். நான் சொன்னால் மறுபேச்சு இருக்காது. இத்தனை வருடத்தில் யாருக்கும் ஒரு நாழிகை கூடக் கொடுத்ததில்லை, குறைத்ததில்லை. இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

இளையவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று எனக்குப் பல வருடம் புரியவில்லை. கேட்பவர்களிடம் "மேனேஜ்மென்ட்ல பெரிய படிப்பு" என்று சொல்லி வைத்தேன். ஒரு பொங்கலுக்கு வந்தபோது அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே விளக்கினாள்.

"ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்கு எப்படிப் போவுதுன்னு பாக்கறேம்மா. கம்பெனில பத்து பேரு உக்காந்து பேசுவாங்க. புரிஞ்சிச்சுன்னு எல்லாரும் தலையாட்டுவாங்க. வெளிய வந்தா ஆளுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கும். அதையே ஒரு படமாப் போட்டு நடுவுல வெச்சா இன்னா ஆவுது? சண்டை கொறையுதா, ஏறுதா? அதான் என் ஆராய்ச்சி."

"இதுக்கா ஒம்போது வருசம்?"

"ஒம்போது இல்ல, எட்டு."

"எட்டு வருசத்துல நானு நாலு புள்ள பெத்துட்டேன்."

"அதான் நான் ஒண்ணும் பெத்துக்கல" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். பெட்டி பெட்டியாக, நடுவில் அம்புக்குறி போட்ட படங்கள். ஒரு கார் கம்பெனி மேனேஜர்கள் கூடி வரைந்தது என்றாள். இதில் ஆள் எங்கே என்று கேட்டேன். ஆள் இல்லை, வேலை மட்டும்தான் இருக்கும் என்றாள். ஆள் இல்லாமல் வேலை எப்படி நடக்கும் என்று கேட்டதற்கு என்னையே பார்த்தாள். "இதை எங்க மேடம்கிட்ட சொல்றேம்மா" என்றாள். அப்படித்தான் அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி வெயிலில் வந்தார்கள். இளையவள், அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை அம்மா, கூடவே வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் ஒருவர். அவருக்குத் தமிழில் வணக்கம் மட்டும் தெரியும். அதைக் கண்ணில் பட்டவருக்கெல்லாம் சொன்னார், கட்டியிருந்த எருமைக்கும் சொன்னார். பேராசிரியை அம்மா நூல்புடவை கட்டி, தலை நரைத்து, மரியாதையாகப் பேசினார்கள்.

பாசன சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். ஏரித் தண்ணீரை எப்படி நிர்வாகம் செய்கிறீர்கள், பேசிக் காட்டாமல் படமாகப் போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். பெரிய பெரிய வெள்ளைத்தாள், கலர் பேனா. தொடங்குவதற்கு முன் பேராசிரியை அம்மா ஒன்று சொன்னார்கள். அப்போது அதை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

"அழகா இருக்கணும்னு அவசியம் இல்லைங்க. ரொம்ப அழகா, முடிஞ்ச மாதிரி இருந்தா ஆபத்து. பென்சில்ல கிறுக்கின படத்தைப் பார்த்தா எல்லாரும் இது சரியா, அது சரியான்னு கேப்பாங்க. அச்சடிச்ச படத்தைப் பார்த்தா யாரும் கேக்க மாட்டாங்க. தப்பு உள்ளயே தங்கிடும். அதனால கிறுக்குங்க."

ஆண்கள் கிறுக்கினார்கள். சங்கத் தலைவர் எனக்குக் கொழுந்தன் முறை, வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். அவர்தான் முதலில் பேனாவைப் பிடித்தார். ஏரியை ரொட்டி மாதிரி போட்டார். வாய்க்காலை அதன் தலைமேல் போட்டார்.

"கொயுந்தனாரே, உன் படத்துல தண்ணி மேட்டுக்கு ஏறுது. மோட்டார் வெச்சிக்கீறியா?" என்றேன். கட்டடமே சிரித்தது.

அவருக்குச் சுருக்கென்றது. "அப்ப நீ வா அண்ணி, வந்து போடு. பேனா புடிக்கத் தெரியுமா? இல்ல கட்டவெரல உருட்டுவியா?"

இளையவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேராசிரியை முன்னால், வெளிநாட்டுக்காரர் முன்னால். நான் எழுந்தேன். பேனா எனக்கு வேண்டாம், கோலமாவு கொண்டு வா என்றேன்.

கட்டடத்தின் வாசல் சிமெண்டுத் தரையைக் கழுவித் துடைக்கச் சொல்லி உட்கார்ந்தேன். ஒரு கழனிக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் யாருடையது என்று சொல்லிச் சொல்லி வைத்தேன். மதகை ஒட்டிய தலைமடையில் தொடங்கி, யாருக்குப் பிறகு யாருக்குத் தண்ணீர் போகுமோ அந்த வரிசையில் புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுத்தேன். கம்பிக் கோலம் போல. கையை எடுக்கவே இல்லை. வெளிநாட்டுக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கொழுந்தனார்கூட, "இது நம்ம கய்னி, அது அவன் கய்னி" என்று பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டத் தொடங்கிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

கோடு ரோட்டுக்கு வந்தது.

அங்கே அது ரோட்டைத் தாண்டிப் போய், ஏழு புள்ளியைச் சுற்றி, அப்படியே நின்றிருக்க வேண்டும். பள்ளக் கழனியில் தண்ணீர் முடிந்துபோகும். அது எங்கும் திரும்பி வராது. ஆனால் கோலத்தில் கோடு எங்கேயாவது போய் நிற்கலாமா? புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து சேர வேண்டும். வாய் திறந்து விட்ட கோலம் வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் முதல் மார்கழியிலேயே என் கையில் தட்டிச் சொன்னது. ஐம்பது வருடத்துக்கு மேல் தினமும் போட்ட கை. அது என்னைக் கேட்கவில்லை. ரோட்டு ஓரத்தில் வளைந்தது, திரும்பியது, மதகில் வந்து சேர்ந்து மூடிக்கொண்டது.

கையை உதறி நிமிர்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் கண்டேன். ஏழு புள்ளி இல்லை. குழாய் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கமே இல்லை.

கண்டேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"ஏதாவது விட்டுப்போச்சா? யாராவது மாத்தணுமா?" என்று பேராசிரியை அம்மா கேட்டார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாம் தடவை என்னைப் பார்த்துக் கேட்டார்கள். கொழுந்தனார் தலையை ஆட்டிக்கொண்டு, "அண்ணி போட்டா தப்பு வருமா மேடம்?" என்றார். சற்று முன் கட்டைவிரல் பேசிய வாய். அந்த வாயிலிருந்து வந்த சொல்லை நான் எப்படிக் கீழே போடுவேன்? மாவுதானே, நாளைக் காலை எறும்பு தின்றுவிடும் என்று நினைத்தேன். தண்ணீர் என்ன படத்தைப் பார்த்தா போகிறது என்று நினைத்தேன். பள்ளக் கழனிக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் இல்லை, அன்றைக்கு அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை. கேட்க ஆள் இல்லை.

ஆள் ஒருத்தி இருந்தாள். மூத்தவள் எல்லோருக்கும் டீ கொண்டு வந்தாள். டம்ளர்களைக் கொடுத்துவிட்டுக் கோலத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நம்ம கய்னி எங்கம்மா கீது?"

நான் விரலை நீட்டினேன். ரோட்டு ஓரத்தில் மேல்பக்கம் இருந்த கடைசிப் புள்ளியைக் காட்டினேன். அது வேறு ஒருவருடையது. "தோ, இதான்" என்றேன்.

"அழகா வெச்சிக்கீறம்மா" என்று சொல்லிவிட்டு டம்ளர் கழுவப் போய்விட்டாள்.

இதுதான் நான் செய்தது. கோட்டை மூடியது கை. பொய் சொன்னது நான்.

எறும்பு தின்னவில்லை. இளையவள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் கலர் கலராகத் திரும்ப வரைந்து, ஆள் உயரத்துக்கு அச்சடித்துக் கொண்டுவந்தாள். சங்கச் சுவரில் மாட்டினார்கள். இனிமேல் இந்தப் படத்தின்படி நடப்போம் என்று படத்தின் அடியிலேயே தீர்மானம் எழுதி, அதன் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். கட்டைவிரல் அல்ல, முழுப்பெயர். கொழுந்தனார் பார்க்க வேண்டும் என்றே நிதானமாகப் போட்டேன்.

அதற்குப் பிறகு தண்ணீர்ச் சண்டை குறைந்தது உண்மை. யாராவது குரல் எழுப்பினால் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவரும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அடங்கிப் போவார். இளையவள் நான்கைந்து முறை வந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனாள். என் கோலம் அவளுடைய ஆராய்ச்சியில் ஒரு முழு அத்தியாயம் என்றாள். குழாய் குழாயாகவே இருந்தது. எட்டாம் நாள் நானே போய்ப் பள்ளக் கழனிக்குத் திறந்துவிட்டேன். அதனால் எனக்கும் மறந்துபோயிற்று. மறந்தேன் என்பதும் சரியில்லை. நினைக்காமல் இருந்தேன்.

போன வைகாசியில் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். எங்கெங்கே குழாய் இருக்கிறது என்று கேட்டார்கள். பழைய குழாயின் வாயில் முள்ளும் மண்ணும் மூடிக் கிடந்தது, கோடையில் எப்போதும் அப்படித்தான் கிடக்கும். நான் அப்போது மகன் வீட்டில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தேன். சங்கத்தில் படத்தைக் காட்டினார்கள். படத்தில் வாய்க்கால் ரோட்டைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது. அவர்கள் ரோட்டை உயர்த்தி, இரண்டு பக்கமும் மண் கொட்டி, தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். குழாயை வைத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று பள்ளக் கழனிக்காரர்களும் நானும் நினைத்துக்கொண்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று படத்தைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் மேல்பக்கம் தண்ணீர் தேங்கியது. மழை அதிகம் என்றார்கள். தை பிறந்து நாற்று நட்டு, எட்டாம் நாள் நான் மதகில் திறந்துவிட்டு நடந்து வந்தேன். தண்ணீர் என் கூடவே வந்தது. ரோட்டடியில் வந்து முட்டி நின்றது. நான் ரோட்டைத் தாண்டிப் பார்த்தேன். மூத்தவள் அந்தப் பக்கம் மண்வெட்டியோடு குழாய் வாயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா பூட்ச்சு? இங்கதான இருந்துச்சு?" என்றாள்.

மருமகன் ரோட்டு ஆபீசுக்குப் போனார். திரும்பி வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தார். படத்தின் நகல். அடியில் என் கையெழுத்து. "உங்க மாமியாரே போட்ட படம்யா, அதுல கொழாய் எங்க கீதுன்னு கேக்கறாங்க" என்றார். அவர் எப்போதும் என்னை அதிர்ந்து பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மூத்தவள் தங்கைமேல் பாய்ந்தாள். போனில் கத்தினாள். "அம்மா கோலத்துல சரியாத்தான் போட்டுச்சு. என் கய்னிய என் கண்ணால பாத்தேன். நீதான் கம்ப்யூட்டர்ல போடும்போது முழுங்கிட்டே. பட்டம் வாங்க என் வயித்துல அடிச்சிட்டியே!" போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் பேசவில்லை.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்கி முடித்த பருப்பையே திரும்பப் பொறுக்கினேன்.

மறுநாள் காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். குழாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். தார் ஓரத்தில் குத்தினேன். பத்துக் குத்துக்குக் கையளவு பெயர்ந்தது. சாலவாக்கம் பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஆயா, புதையல் கெடச்சா எனக்குப் பாதி. இப்ப தள்ளு, டைம் ஆவுது" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார். என் உள்ளங்கை தோல் உரிந்திருந்ததைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு வூட்டு ஆயா நீ?" என்று கேட்டார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அங்கிருந்து நேராகச் சங்கத்துக்குப் போனேன். கொழுந்தனாரும் நான்கு பேரும் இருந்தார்கள். சுவரில் படம்.

"ரோட்டுக்குக் கீழ கொழாய் கீது. படம் தப்பு" என்றேன்.

"படத்துல இல்லியே அண்ணி."

"நான் போட்ட படம்தான். நான் சொல்றேன், தப்பு."

"அன்னிக்கு எத்தினி வாட்டி கேட்டாங்க? தப்புன்னு நீ சொன்னியா? இப்ப பொண்ணு கய்னி காயுதுன்னதும் தப்பாப் பூட்ச்சா?" அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். "உன் வார்த்தைய நம்பித்தான் அண்ணி இத்தினி நாளு நடந்தோம். நீயே மாத்திப் பேசினா அப்புறம் நாங்க எத நம்பறது? தலமடைக்காரன் நாளைக்கு வந்து அவனும் படம் தப்புன்னுவான்."

ரோட்டு ஆபீசிலும் போய்ப் பார்த்தேன். போட்ட ரோட்டைத் தோண்ட வேண்டுமானால் படம் தவறு என்று காரணத்தோடு எழுத்தில் வேண்டும், வரைந்தவரே எழுதித் தர வேண்டும் என்றார் அங்கிருந்த பெண். நல்ல பெண். ஆனால் அவளும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். நான் இன்று சொல்வது பெண்ணுக்காகச் சொல்லும் பேச்சு. அன்று போட்டது சாட்சிகளோடு போட்ட படம். என் படத்தின் முன்னால் என் வார்த்தை நிற்கவில்லை.

போன வாரம் இளையவள் பஸ் பிடித்து வந்தாள். அக்காள் வீட்டுப் பக்கம் போகாமல் நேராக என்னிடம் வந்து, கதவைச் சாத்திவிட்டு, போனைத் திறந்து காட்டினாள். அன்றைக்குத் தரையில் போட்ட கோலத்தின் போட்டோ. கோடு ரோட்டில் திரும்பி மதகில் மூடியிருந்தது. ஓரத்தில் டீ டம்ளரோடு மூத்தவளின் கால் தெரிந்தது.

"அம்மா, நான் ஒண்ணும் விடல. நீ போட்டதத்தான் போட்டேன்."

"தெரியும்" என்றேன்.

"எப்போலேந்து தெரியும்?"

"கைதட்டினப்போவே."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு அவள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. "நீ யார்கிட்டயும் சொல்லாதம்மா. கம்ப்யூட்டர்ல வரையும்போது நான் செஞ்ச தப்புன்னு எழுதிக் கொடுத்துடறேன். அக்காவும் அப்படித்தான் நெனைச்சிக்கினு கீது. உன் பேரு அப்படியே இருக்கட்டும்."

"உன் படிப்பு?"

அடுத்த மாதம் அவளுக்குக் கடைசித் தேர்வு. பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, எழுதியதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் போட்ட படத்தை மாற்றிவிட்டேன் என்று அவளே எழுதிக் கொடுத்தால் அதை யார் ஒப்புக்கொள்வார்கள்? எட்டு வருடம், இப்போது பதினோரு வருடம். கல்லூரியில் இன்னும் வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற வேலை. அதுவும் போகும். அவள் விரலால் பாயை நிமிண்டிக்கொண்டு, "பாத்துக்கலாம்மா" என்றாள். சின்ன வயதில் கீழே விழுந்து முட்டியில் ரத்தம் வந்தால், வலிக்கவில்லை என்று இதே குரலில்தான் சொல்வாள்.

அவளை மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு ரோட்டோரமாக நடந்து பள்ளக் கழனிக்குப் போனேன். நட்ட பயிர் நுனி பழுத்து, தரை வெடிக்கத் தொடங்கியிருந்தது. வெடிப்பில் என் சுண்டுவிரல் நுழைந்தது. நிமிர்ந்தால் ரோட்டுக்கு மேல்பக்கம் தண்ணீர் வெயிலில் மின்னுகிறது. ஏரி நிறைந்து கிடக்கிறது. நடுவில் இருபது தப்படி தூரம். மூத்தவள் குடத்தில் மொண்டு ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து வரப்போரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடத்தில் மொண்டு எத்தனை கழனியை நனைப்பாள்? என்னைப் பார்த்ததும், "வெயில்ல ஏம்மா வந்தே?" என்றாள். "அவளத் திட்டிட்டேன்னு கோவமா? தப்பு பண்ணவ வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்மா. நான் இன்னா அவள அடிக்கவா போறேன்?"

அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வாயால் சொன்னால் அது இன்னொரு மாற்றுப் பேச்சு ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் நிஜம்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள்தான் பேத்தியின் நோட்டை வாங்கி இதை எழுதத் தொடங்கினேன். படம் தவறு என்று இரண்டு வரி எழுதினால் பெண்ணுக்காக எழுதிய கிழவி என்பார்கள். நான் தெரிந்தே மறைத்தேன் என்று எழுதினால்? கைதட்டலுக்காக வாயை மூடிக்கொண்டேன், பெற்ற பெண்ணுக்கு வேறு ஒருவர் புள்ளியைக் காட்டினேன் என்று எவளாவது இல்லாததை எழுதுவாளா? என் மானம் போனால்தான் என் வார்த்தை நிற்கும். அதனால் ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். இதை நகல் எடுத்து ஒன்று ரோட்டு ஆபீசுக்கு. ஒன்று சங்கத்துக்கு, அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டட்டும். ஒன்று பேராசிரியை அம்மாவுக்கு. அவர்கள் கிறுக்கச் சொன்னார்கள், நான் கோலம் போட்டேன். இளையவள் நான் போட்டதை மாற்றவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் அந்த அத்தியாயம் நிற்குமா விழுமா, எனக்குத் தெரியாது.

பயிர் இன்னும் பத்து நாள் தாங்கும். அதற்குள் தோண்டுவார்களா என்பதும் தெரியாது.

பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். மூத்தவளின் மகள். பை இன்னும் தோளில் இருக்கிறது. என்ன ஆயா, இன்னும் முடியவில்லையா என்கிறாள். முடிந்துவிட்டது என்றேன். அவள் அம்மாவும் கழனியிலிருந்து நேராக இங்கே வந்து, தோட்டத்தில் கால் கழுவுகிற சத்தம் கேட்கிறது. அவளும் உள்ளே வந்து உட்காரட்டும்.

"இந்தா கண்ணு, நோட்ட புடி. மொதல்லேந்து படி, உங்கம்மாவுக்குக் கேக்கற மாதிரி சத்தமா. நடுவுல நானே போதும்னு சொன்னாலும் நிறுத்தாத."